காணாமையும் இன்மையும்

ஒரு பொருள் கண்ணுக்குப் புலப்படவில்லையாயின், அஃது இல்லையென்றே விரைந்து துணிதல் மக்கட்கு இயல்பாக உளது. இத்துணிவினால் மடிக்கணினி வைத்திருப்போர்க்கு நேரத்தக்க கேடு ஒன்றை அண்மையில் நேரிற் கண்டோமாதலின், அதனை எம் கல்லூரித் தோழர்க்குப் பயன்படுமாறு ஈண்டு எழுதப் புகுந்தோம்.

செஞ்சிக்கும் திண்டிவனத்திற்கும் இடையே மேல்சித்தாமூர் என்னும் ஊர் உளது. தமிழ்ச் சமணரின் தலைமை மடமும், பார்சுவநாதர் கோயிலும் விளங்கும் பழம்பதி அது. அவ்வூரினராகிய எம் நண்பர் ஒருவர், தம் பாட்டனார் வைத்திருந்த ஓலைச்சுவடிகளை ஏடுஏடாகப் படம்பிடித்துத் தம் மடிக்கணினியிற் சேர்த்து வைத்திருந்தார். பின்னர் அவ்வேடுகளுட் சில செல்லரித்தொழிந்தன. ஆகவே, அவ்வேடுகளின் எழுத்து அக்கணினியினன்றி வேறெங்கும் இல்லாதாயிற்று.

பல திங்கள் மூடிக்கிடந்த அக்கணினியை அவர் ஒருநாள் திறந்தபொழுது, தொடங்குதற்குரிய வட்டு எதுவும் இல்லையென்னும் வாசகமே திரையில் தோன்றியது. பழுதுபார்க்குங் கடையொன்றில், வன்தட்டு இறந்துபட்டதென்றும், புதியது வாங்குதலே வழியென்றும் கூறினர். நண்பர் மனமுடைந்து அதனை எம்மிடம் கொணர்ந்தார்.

யாம் முதலிற் செய்தது, கணினியின் நிலைபொருள் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்ததே. ஆண்டு இரண்டு குறிப்புக்கள் கிடைத்தன. ஒன்று, கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றிருந்தது. மற்றொன்று, உறுப்புக்களின் பட்டியலில் வன்தட்டின் பெயரும் கொள்ளளவும் செவ்வனே காணப்பட்டன. தொடக்க வரிசையில் மட்டும் அஃது இல்லை. இறந்த தட்டுத் தன் பெயரையும் அளவையும் கூறுதல் அரிது. எனவே குறை தட்டினிடத்தன்று, அதனை நோக்கும் முறையினிடத்தே என ஐயுற்றோம்.

இதன் காரணத்தைச் சிறிது விளக்குவாம். 1981-ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனத்தார் வெளியிட்ட தனியாள் கணினியில் பயாஸ் என்னும் நிலைபொருள் அமைந்திருந்தது. அவ்வழிவந்த பழைய முறை, வட்டின் முதற்பகுதியாகிய 512 பைட்டுகளைப் படித்து, ஆண்டுள்ள சிறு நிரலை இயக்கித் தொடங்கும். பின்னர் இன்டெல் நிறுவனத்தார் வகுத்த புதுமுறை, 2005-இல் அமைந்த கூட்டமைப்பொன்றின் பொறுப்பில் யூஇஎஃப்ஐ எனப் பெயர்பெற்றது. இம்முறை முதற்பகுதியிலுள்ள நிரலை இயக்குவதன்று. வட்டில் தனக்கென வகுத்த பிரிவொன்றனுள் தொடக்கக் கோப்பினைத் தேடும். பழைய முறையில் நிறுவிய வட்டில் அப்பிரிவு இராது. ஆதலின் வட்டு நலமாயிருந்தும், தொடக்க வரிசையில் இடம்பெறாது ஒழிகின்றது.

நண்பர் கணினியில் நிகழ்ந்ததும் இதுவே. தாய்ப்பலகையிலுள்ள காசு போன்ற சிறு மின்கலம் தீர்ந்தமையால் கடிகாரம் நிலைகெட்டது. அமைப்புக்களும் ஆலையில் வைத்தவாறே புதுமுறைக்கு மாறிவிட்டன. யாம் அதனை லெகசி எனப்படும் பழைய முறைக்கு மாற்றிச் சேமித்தோம். கணினி தொடங்கியது, படங்கள் யாவும் இருந்தன. உடனே அவற்றை வெவ்வேறு இரண்டு வெளிவட்டுக்களிற் படியெடுத்தோம். அதன்பின்னரே மின்கலத்தை மாற்றுவித்தோம்.

நிற்க. இதற்கு மறுதலையான நிகழ்ச்சியும் உண்டு. என்விஎம்இ வகையைச் சார்ந்த புதிய சேமிப்புக்கள் பெரும்பாலும் பழைய முறையிற் தொடக்க வரிசையிற் தோன்றா. புதுமுறைக்கு மாற்றின் தோன்றும். இன்டெல் நிறுவனத்தாரின் விஎம்டி என்னும் ஏற்பாடு இயங்கும் கணினிகளில், உரிய இயக்கி நிரலை அளிக்கும்வரை விண்டோஸ் நிறுவுநிரலுக்கு வட்டுப் புலப்படாமையும் உண்டு. பழைய முறையையே முற்றும் நீக்கிய கணினிகளும் இக்காலத்துப் பலவாம்.

எம்முறையில் இயங்குகின்றது என அறிதல் எளிது. விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்னும் பக்கத்தில் பயாஸ் மோட் என்னும் வரியைக் காண்க. லினக்ஸில், சிஸ் அடைவினுள் ஃபர்ம்வேர் என்பதன்கீழ் இஎஃப்ஐ என்னும் அடைவு இருப்பின் புதுமுறை. இன்றேல் பெரும்பாலும் பழைய முறை. முறையை மாற்றுமுன் முந்தைய அமைப்பை எழுதிவைத்தல் வேண்டும். பிட்லாக்கர் பூட்டுடைய கணினியாயின், அதன் மீட்புத் திறவுகோலைக் கையில் வைத்துக்கொள்ளுதலும் இன்றியமையாதது. முறையை மாற்றுதலால் வட்டிலுள்ளது அழிவதில்லை. வட்டைப் புதிதாய் வகுத்தலே அழிக்கும்.

தமிழ்நாட்டு அரசினர் 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கினர். நம் சிற்றூர் இல்லங்கள் பலவற்றிற்கு முதன்முதல் வந்த கணினி அதுவேயாம். இன்று அத்தகைய பழங்கணினிகளுட் சில பழுதென்று பரணிற் கிடத்தல் கூடும். அவற்றுள் மறைந்த தந்தையின் படமோ, பாட்டியின் குரலோ இருத்தலும் கூடும்.

ஒரு பொருள் ஒரு நோக்கில் உண்டு, மற்றொரு நோக்கில் இல்லை எனக் கூறத்தகும் என்பது சமணர் போற்றும் அநேகாந்தக் கொள்கையின் ஒரு கூறு. சமயக் கொள்கையில் யாம் அவரின் வேறுபட்டோமாயினும், இவ்வறிவுரையை அயலார் தந்த நற்கொடையாகவே ஏற்கின்றோம். தோழர்காள், வட்டு இல்லையென்று யாரேனும் கூறின், எந்நோக்கில் இல்லையென முதலில் வினவுமின். விடை பெறுமுன் ஒன்றையும் அழிக்க இசையன்மின்.