ஐந்தாவது குண்டு

மந்தை மேய்ந்த வெளி எனப் பெயர் சொல்லும் மந்தைவெளியில் இன்று பட்டம் விடவும் இடமில்லை. கல்லூரி நாள்களில் அங்கிருந்து பேருந்தேறித் தேசிய மாணவர் படை முகாமுக்குச் சென்றுதான் சுடக் கற்றேன். பாயிண்ட் டூ டூ ரைபிள். 25 மீட்டர் தொலைவு. குப்புறப் படுத்து ஐந்து குண்டுகள். மையத்தைத் துளைப்பதே வெற்றி என்றிருந்தேன். “ஐந்தும் ஒரே இடத்தில் விழட்டும், தம்பி. இடம் விலகினால் துப்பாக்கியின் குறியைத் திருத்தலாம், சிதறினால் உன்னைத்தான் திருத்த வேண்டும்” என்றார் ஹவில்தார்.

அணித்தேர்வு நாளில் நான்கு குண்டுகள் ஒரு ரூபாய் நாணயத்துள் அடங்கின. ஐந்தாவதற்கு மூச்சை அடக்கி, இன்னும் துல்லியம் வேண்டிக் காத்திருந்தேன். நெடுநேரம் மூச்சடக்கினால் கண் மங்கும், கை நடுங்கும். துப்பாக்கியைத் தாழ்த்தி மீண்டும் மூச்செடுத்திருக்க வேண்டும். பக்கத்தில் சுட்டவன் முடித்துவிட்டானே என்ற வெட்கத்தில் விசையைப் பறித்தேன். குண்டு நான்கு விரல் தள்ளி விழுந்தது. அணியில் என் பெயர் இல்லை.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் காற்றுத்துப்பாக்கிப் போட்டியில் களமிறங்கினார். அதில் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டரே. இறுதிச்சுற்றுக்கு அவர் தகுதி பெறவில்லை; எனக்கும் அன்று உறக்கம் வரவில்லை. அப்போட்டியில் 60 முறை சுட 75 நிமிடம் தருகிறார்கள். தேர்ந்தவர்கள் குறிவைத்த பின்னும் சுடாமல் துப்பாக்கியைத் தாழ்த்துவதுண்டு.

அன்று எனக்கு எவ்வளவு நேரம் மீதமிருந்தது என்று ஹவில்தாரிடம் நான் கேட்கவேயில்லை.