பத்துப் பொருத்தம்

திருமணத்திற்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பவர் நாம். மடிக்கணினிக்கு நினைவகம் வாங்கும்போதோ, "எத்தனை ஜி.பி.?" என்பதோடு நின்றுவிடுகிறோம். உதவித்தொகையை எண்ணிச் செலவிடும் மாணவர்க்கு இக்கேள்வி ஒன்று போதுமா?

முதற் பொருத்தம் தலைமுறை. மடிக்கணினிக்குரிய டி.டி.ஆர். 3 நினைவகத்தில் தொடுமுனைகள் 204, டி.டி.ஆர். 4இல் 260, டி.டி.ஆர். 5இல் 262. விளிம்பிலுள்ள வெட்டும் இடம் மாறும். ஆகவே ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது.

ஆனால், நுழைவதெல்லாம் பொருந்துவதும் அன்று! டி.டி.ஆர். 3இலேயே 1.5 வோல்ட் வகையும் 1.35 வோல்ட் வகையும் உண்டு. வடிவம் ஒன்றே. குறைந்த மின்னழுத்தம் மட்டுமே தரும் கணினியில் முன்னதைப் பொருத்தினால் அது இயங்காமற் போகலாம்.

அடுத்தது வேகம். 2666 எனக் குறித்ததோடு 3200ஐச் சேர்த்தால், இரண்டும் பொதுவாக 2666இலேயே ஓடும். விரைந்தவன் மெல்ல நடப்பவனுக்காகத் தன் நடையைக் குறைப்பது போல!

சில கணினிகளில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே மாற்றவே வழியில்லை.

என் ஆய்வுக் கணக்குகள் 8 ஜி.பி.யில் திணறின. புதுக் கணினிக்கு வீட்டில் பணம் கேட்க மனம் வரவில்லை. தில்லி நேரு பிளேசுக்குப் புறப்படுமுன் கையேட்டைப் பார்த்தேன். டி.டி.ஆர். 4, ஓர் இடம் காலி, 16 ஜி.பி. வரை ஏற்கும். ஒரே ஒரு 8 ஜி.பி. நினைவகத்தோடு செலவு முடிந்தது.

நண்பர்களே! கடைக்காரர் தம்மிடம் உள்ளதைக் காட்டுவார். நமக்கு வேண்டியதை நாமே அறிந்து செல்வோம்.