இடிந்ததையெல்லாம் கட்ட வேண்டியதில்லை

ஊர் பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நாலு ஊரை ஓடி ஓடிப் பார்ப்பதைவிட, ஓர் ஊரை விவரம் தெரிந்த ஒருவரோடு நடந்து பாருங்கள். ஐம்பது பேர் கூட்டத்தோடு போனால், கொடி பிடித்தவர் பின்னால் ஓடவே நேரம் சரியாக இருக்கும். நமக்கென்று தனியாக ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டால் செலவு கூடத்தான் செய்யும். ஆனால் நம் முழங்காலுக்கு ஏற்ற வேகத்தில் நடக்கலாம், மூச்சு வாங்கினால் உட்காரலாம், மனதில் பட்டதைக் கேட்கலாம். வயதானவர்களுக்கு இந்த மூன்றும் வேண்டும்.

போர்ச்சுகலின் தலைநகரமான லிஸ்பனை அப்படித்தான் பார்த்தோம், நானும் என் மனைவியும் மகனும். வழிகாட்டியாக வந்தவர் வரலாறு படித்த ஒரு பெண்மணி. மகன் கைபேசியில் நீளமாக ஒரு பட்டியல் வைத்திருந்தான்: பெலெம் கோபுரம், 28ஆம் எண் டிராம், முட்டைக்கரு வைத்துச் சுடும் பிரபலமான பலகாரம். அவர் அதைப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சார் என்ன வேலை பார்த்தீர்கள்?"

பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்தேன் என்றேன்.

"அப்படியென்றால் இன்று நிலநடுக்கத்தின் வழியாகவே ஊரைப் பார்ப்போம். பலகாரம் சாயங்காலம்" என்றார். பட்டியல் பைக்குள் போனது.

1755 நவம்பர் 1, சகல புனிதர்கள் திருநாள். காலை 9.40 மணி வாக்கில், தேவாலயங்கள் நிறைந்திருந்த நேரத்தில், பூமி குலுங்கியது. சில நிமிடங்களுக்குள் அடுத்தடுத்து அதிர்ச்சிகள். கூரைக்குத் தப்பியவர்கள் வெட்டவெளி தேடித் தேஜோ ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். அங்கே தண்ணீர் உள்வாங்கி ஆற்றின் அடிமண் தெரிந்தது; நின்று வேடிக்கை பார்த்தவர்களும் உண்டு. சுமார் 40 நிமிடம் கழித்து அலை வந்தது. 2004இல் நம் நாகப்பட்டினக் கரையில் நடந்ததைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். திருநாளுக்காக ஏற்றிய மெழுகுவர்த்திகளும் வீட்டு அடுப்புகளும் சாய்ந்து பற்றிய தீ நாள்கணக்கில் எரிந்தது. ஆற்றோரத்து அரண்மனையும், அதிலிருந்த சுமார் 70,000 நூல்களும், அந்த ஆண்டுதான் திறந்திருந்த இசை நாடக அரங்கும் போயின. மாண்டவர்கள் பல பத்தாயிரம் பேர்.

ஊரே தரைமட்டமானதும் மனிதர்கள் முதலில் கேட்டது, "யார் செய்த பாவம்?" என்பதுதான். மலாக்ரிதா என்ற இயேசு சபைப் பாதிரியார், இது இயற்கையால் நேர்ந்ததல்ல, நகரத்தின் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று அச்சடித்தே வெளியிட்டார். அமைச்சராக இருந்த கார்வாலோ, பின்னாளில் பொம்பால் பிரபு என்று பெயர் பெற்றவர், வேறு கேள்விகளைக் கேட்டார். நாட்டின் ஒவ்வொரு தேவாலயப் பங்குக்கும் ஒரு வினாப்பட்டியல் போனது. எத்தனை மணிக்குத் தொடங்கியது? எவ்வளவு நேரம் நீடித்தது? கடல் முதலில் ஏறியதா, இறங்கியதா? கிணறுகளிலும் ஊற்றுகளிலும் என்ன மாற்றம் தெரிந்தது? எத்தனை பேர் இறந்தார்கள்? அந்தப் பதில்கள் இன்றும் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நிலநடுக்க ஆய்வாளர்கள் இன்னமும் அவற்றைப் புரட்டுகிறார்கள்.

பொம்பாலை மகானாக்கிவிட வேண்டாம். எதிரிகளை ஈவிரக்கமில்லாமல் ஒழித்தவர் அவர். மலாக்ரிதா 1761இல் கொல்லப்பட்டதற்குப் பின்னாலும் அவர் கை இருந்தது. ஆனால் அவர் கேட்ட கேள்விகள் சரியானவை. நம் வீடுகளில் ஒரு துன்பம் வந்தால் எப்படிப் பேசுகிறோம்? யார் கண் பட்டதோ, எந்த நேரத்தில் காலெடுத்து வைத்தாளோ, ஏழரைச் சனியோ என்று ஆரம்பிப்போம். அந்தப் பேச்சில் இன்னொருவர் மனம் புண்படுமே தவிர, நடந்தது என்ன என்பது விளங்காது. விளங்காமல் எதையும் சீர்செய்ய முடியாது.

தலைமைப் பொறியாளர் மனுவேல் ட மாயா அடுத்த மாதமே, டிசம்பர் 4ஆம் தேதி, தன் அறிக்கையின் முதல் பகுதியைக் கொடுத்தார். அதில் அவர் ஐந்து வழிகளை வரிசையாக வைத்தார். பழைய நகரம் இருந்தபடியே மறுபடி கட்டலாம். கட்டடங்களின் உயரத்தை விட்டுவிட்டுத் தெருக்களை மட்டும் அகலமாக்கலாம். தெருவை அகலமாக்கி, வீடுகளின் உயரத்தையும் குறைக்கலாம். ஆற்றை ஒட்டிய தாழ்வான பகுதியை முழுதும் இடித்துச் சமன்செய்து புது வரைபடம் போடலாம். அல்லது இந்த இடத்தையே விட்டுவிட்டு, மேற்கே பெலெம் பக்கம் புது நகரம் எழுப்பலாம். ஒவ்வொன்றின் சாதக பாதகத்தையும் எழுதினார். நான்காவது வழி தேர்வானது.

அப்படி எழுந்த பகுதிதான் பாய்ஷா. நேர்கோட்டுத் தெருக்கள், ஒரே உயரத்தில் வீடுகள், தீ தாவாதபடி வீட்டுக்கு வீடு கூரைக்கு மேலே நீளும் சுவர்கள். பொற்கொல்லர்களுக்கு ஒரு தெரு, வெள்ளி வேலைக்காரர்களுக்கு ஒரு தெரு, செருப்புத் தைப்பவர்களுக்கு ஒரு தெரு. வழிகாட்டி எங்களை ஒரு வங்கிக் கட்டடத்தின் நிலவறைக்கு அழைத்துப் போனார். ரோமானியர் காலத்தில் மீனை உப்பில் ஊறவைத்த தொட்டிகள் அங்கே இருக்கின்றன. அவற்றோடு நான் குனிந்து பார்த்தது, சேற்றில் நெருக்கமாக அடித்து இறக்கியிருந்த பைன் மர முளைகளை. ஈரத்திலேயே மூழ்கிக் கிடப்பதால் அவை உளுத்துப் போகவில்லை. காற்றுப் பட்டால்தான் மரம் கெடும். மேலே சுவர்களுக்குள் பெருக்கல் குறி வடிவில் பிணைத்த மரக்கூண்டு இருக்கிறது. பூமி ஆடினால் கல் உதிரலாம், கூண்டு வளைந்து கொடுத்து நிற்கும். மாதிரி ஒன்றைச் செய்து, சுற்றிலும் படைவீரர்களைக் காலால் தரையை உதைத்து நடக்கவிட்டுச் சோதித்துப் பார்த்தார்கள் என்று சொல்கிறார்கள். இத்தனையும் அந்த வீட்டில் குடியிருப்பவர் கண்ணுக்குத் தெரியாது. என் வேலையில் நான் மதித்ததும் இந்த மாதிரி வேலையைத்தான்.

அங்கிருந்து மேட்டில் ஏறினால் கார்மோ மடாலயம். 1389இல் தொடங்கிய கட்டடம். நிலநடுக்கத்தில் கூரை விழுந்தது. பிறகு மறுபடி கட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, கடைசியில் கூரையில்லாமலே விட்டுவிட்டார்கள். சதை தின்ற மீனின் முள்ளைப் போலக் கல் வளைவுகள் மட்டும் வானத்தை நோக்கி நிற்கின்றன. கீழே தேவாலயத்தின் நடுவில் புல் முளைத்திருக்கிறது. "இவ்வளவு பணக்கார ஊர், இதைக் கட்டியிருக்கலாமே?" என்று என் மனைவி கேட்டாள். "கட்டியிருந்தால் அன்று நடந்ததை எங்களுக்கு யார் சொல்வார்கள்?" என்றார் வழிகாட்டி.

மூன்றாவதாக சாவ் டொமிங்கோஸ் தேவாலயம். 1755இல் இடிந்து மறுபடி எழுந்தது; 1959இல் தீப்பிடித்து உள்ளே எல்லாம் எரிந்தது. 1994இல் திறந்தபோது சுவர்களுக்குப் புதுத்தோல் போர்த்தவில்லை. வெடித்துச் சிதறிய தூண்களும் தீ தின்ற கல்லும் அப்படியே இருக்கின்றன. தூணில் கை வைத்தேன். வழவழப்பான இடமே இல்லை. ஆனால் பக்கத்திலேயே ஒரு மூதாட்டி ஜெபம் செய்துகொண்டிருந்தார். அங்கே தினமும் பூசை நடக்கிறது.

ஒரே நகரம், மூன்று வழிகள். ஒன்றைப் புதிதாகக் கட்டினார்கள். ஒன்றை உடைந்தபடியே விட்டார்கள். ஒன்றைத் தழும்போடு புழங்குகிறார்கள். இத்தனை வயதில் நான் பார்த்த குடும்பங்களில், துன்பத்தால் நொடித்தவர்களைவிட, இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டு நொடித்தவர்களே அதிகம்.

தொழில் முறிந்தால் அது பாய்ஷாவைச் சேர்ந்த விஷயம். அதே கடையை, அதே கடனில், அதே கூட்டாளியோடு மறுபடி திறப்பது மாயாவின் பட்டியலில் முதல் வழி. உணர்ச்சிக்கு அதுதான் முதலில் தோன்றும். அதனால்தான் அதன் பின்னால் இன்னும் நான்கை எழுத வேண்டும்.

இறந்துபோன மனிதரின் இடம் கார்மோவைச் சேர்ந்தது. கணவனை இழந்தவளிடம் "பேரப்பிள்ளைகள் இருக்கிறார்களே, மறந்துவிடு" என்பதும், பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடம் "இன்னொன்று பெற்றுக்கொள்" என்பதும் ஆறுதல் இல்லை. அந்தக் கூரை திரும்ப வராது. அது திறந்தே இருக்கட்டும். அதைச் சுற்றி ஊர் நடமாடலாம், புல்கூட முளைக்கலாம்.

உறவுகள் சாவ் டொமிங்கோஸ். பாகப்பிரிவினையில் வாய்த்தகராறு வந்து பேசாமலிருக்கும் அண்ணன் தம்பிகள், எல்லாம் பழையபடி ஆனால்தான் அவன் வீட்டு வாசலை மிதிப்பேன் என்கிறார்கள். பழையபடி ஆகாது. கரி படிந்த சுவரோடுதான் திறக்க வேண்டும். தங்கை மகள் கல்யாணத்துக்குப் போய் முன்வரிசையில் உட்காருவதற்கு மனத்தாங்கல் முழுதும் தீர்ந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

நான்காவதாக ஒரு வழியும் அந்த ஊரில் இருந்தது. மன்னர் ஜோசே அந்த நாளுக்குப் பிறகு கல் கூரையின் கீழ் படுக்கவே அஞ்சினார். அஜூதா குன்றின்மேல் முதலில் கூடாரமும், பிறகு மரத்தாலான அரண்மனையும் போட்டுக்கொண்டு, 1777இல் இறக்கும்வரை அதையே அரசவையாக வைத்திருந்தார். கீழே அவருடைய நகரம் புதிதாக எழுந்தது. ஆற்றங்கரைச் சதுக்கத்தில் அவருக்குக் குதிரைமேல் சிலையும் வைத்தார்கள். அவர் மட்டும் இறங்கி வந்து குடியேறவில்லை. பயம் யாருக்கும் வரும், அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இதய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மருத்துவரே நடக்கச் சொல்லியும் வாசற்படி தாண்டாமல் இருபது வருஷம் உட்கார்ந்திருக்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பிழைத்துக்கொண்டார்களே தவிர, வாழவில்லை.

பொறுமையும் வேண்டும். ருவா அகுஸ்தா தெருமுனையில் இருக்கும் வெற்றி வளைவு அந்தப் புது நகரத் திட்டத்திலேயே இருந்தது. கட்டி முடிந்தது 1875இல்தான். திட்டம் போட்டவர்கள் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. பார்க்க மாட்டோம் என்று தெரிந்தும் இடத்தை ஒதுக்கி வைத்தார்களே, அதுதான் பெரிது.

உங்கள் வீட்டில் ஏதாவது இடிந்து கிடந்தால், ஆத்திரமும் அழுகையும் சற்று அடங்கியதும் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். யாரால் என்று எழுதாதீர்கள். என்ன நடந்தது என்று எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே கட்ட வேண்டியதா, விட வேண்டியதா, தழும்போடு புழங்க வேண்டியதா என்று குறியுங்கள். குறிக்கும்போது வீட்டிலுள்ள மூத்தவர்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள். லிஸ்பனைக் காப்பாற்றிய அந்த ஐந்து வழிகளை எழுதியபோது, மனுவேல் ட மாயாவுக்கு வயது ஏறக்குறைய 80.