பத்து சென்ட் புல்லுக்கு எந்த மிஷின்?

புல்வெட்டும் மிஷின் வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் முதலில் கேட்பது ‘எத்தனை சிசி?’ என்றுதான். நானும் அதைத்தான் கேட்டேன். 52 என்றார். உடனே மனம் நிறைந்துவிட்டது. உள்ளதைச் சொன்னால், அந்தச் சத்தமும் எனக்குப் பிடித்திருந்தது. கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்தால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

வீடு நாகர்கோவில் பக்கம். சுற்றிலும் பத்து சென்ட்; தென்னை, சப்போட்டா, வேலியோரம் கோரை. கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். ஜூனில் ஒரு தடவை, அக்டோபரில் ஒரு தடவை புல் கிளம்பும். அதற்கப்புறம் கோடை. மிஷின் சும்மா கிடக்கிற அந்த மாதங்களில்தான் அது கெடுகிறது.

நான் வாங்கிய மிஷினின் டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்குத் தனியாக ஆயில் ஊற்றும் இடம் கிடையாது. பெட்ரோலிலேயே 2டி ஆயிலைக் கலக்க வேண்டும். மிஷினைப் பொறுத்து லிட்டருக்கு 20 மில்லி முதல் 40 மில்லி வரை. மறந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அதுகூடப் பரவாயில்லை, கவனமாக இருந்துவிடலாம். ஆனால் இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். டேங்கில் மிச்சம் விட்ட பெட்ரோலில் நாளாவட்டத்தில் தண்ணீர் சேர்ந்து அடியில் தங்கும். கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர்த் தகடு விறைத்துப்போகும். வேலை முடிந்ததும் டேங்கைக் காலிசெய்து, என்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. மழை வந்தால் மிஷின் மெக்கானிக்கிடம் போய்விடும், புல் முட்டளவு வளர்ந்துவிடும்.

ரப்பர் தோட்டத்தில் இதே மிஷினை வைத்து வேலை செய்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. தினமும் ஓடுகிற மிஷினில் பெட்ரோல் தங்குவதில்லை. என் மிஷினோ வருடத்தில் பாதிநாள் தூங்குகிறது.

சத்தத்தின் மேல் இருந்த ஆசையைத் தீர்த்துவைத்தவர் பக்கத்து வீட்டுப் பாட்டி. “மக்களே, பிள்ள இப்பம்தான் ஒறங்கிச்சு. கொஞ்சம் கழிச்சு வெட்டப்பிடாதா?” கொஞ்சம் கழித்தால் வெயில் ஏறிவிடும்.

பிறகு பேட்டரி மிஷின் வாங்கினேன். பலத்தில் இரண்டும் ஒன்றல்ல. 18 வோல்ட், 4 ஆம்பியர்-அவர் பேட்டரியில் இருப்பது 72 வாட்-அவர். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9,000. என்ஜின் அதில் பெரும்பகுதியைச் சூடாக வீணடித்தாலும் பெட்ரோல்தான் ஜெயிக்கும். முட்டளவு கோரையில் பேட்டரி மிஷினை விட்டால் திணறும், சீக்கிரமே சார்ஜ் தீரும். கணுக்கால் அளவில் இருக்கும்போதே வெட்டினால் வெண்ணெய்தான். எடுத்தால் ஓடுகிறது என்பதால் அடிக்கடி எடுக்கிறேன். அடிக்கடி எடுப்பதால் புல் உயர்வதே இல்லை. சிசி கேட்டபோது எனக்கு இது தோன்றவில்லை.

பேட்டரிக்கும் பராமரிப்பு உண்டு. முழு சார்ஜோடு வெயில் படும் ஷெட்டில் போடக்கூடாது. பாதி சார்ஜில், வீட்டுக்குள் வைக்க வேண்டும். இரண்டு மிஷினிலும் புல்லை வெட்டும் நைலான் நரம்பு கன்றுகளுக்கு எமன். பட்டையைச் சுற்றிச் சீவிவிட்டால், இலை செய்த உணவு வேருக்கு இறங்க வழியில்லாமல் மாங்கன்றும் கொய்யாக்கன்றும் பட்டுப்போகும். அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் அளவு கையால்தான் பிடுங்க வேண்டும்.

பத்து சென்ட்வரை பேட்டரி போதும். அரை ஏக்கர், அதுவும் புதர் என்றால் பெட்ரோல். இல்லையென்றால் மிஷின் வைத்திருப்பவரைக் கூலிக்குக் கூப்பிடுவது மலிவு. பேட்டரி மிஷினில் செலவு பேட்டரியில்தான் இருக்கிறது. ஆகவே கடைக்குப் போனதும் மாற்று பேட்டரி என்ன விலை, நம் ஊரில் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். மிஷின் விலையை அப்புறம் பேசலாம்.