மஸ்கியும் மெத்து மெத்து ஜிக்கும்

வாரம் பூரா பொட்டி தட்டிட்டு, சனிக்கிழமையானா மினசோட்டா ஏரியில மஸ்கி பிடிக்கிறதுதான் நம்ம பொழப்பு. நம்ம ஊர் விரால் மாதிரி பதுங்கிப் பாயும். ஆனா நாலடிக்கு மேலயும் வளரும். பத்தாயிரம் வீச்சுக்கு ஒரு மீன்னு இங்க சொலவடையே இருக்கு.

கோடையில நீர்ச்செடி ஓரமா நின்னு, வேகமா இழுக்குற தூண்டிலைத் துரத்தும். குளிர்காத்து அடிச்ச மறுநாளும், அக்டோபர்ல செடி அழுகினப்புறமும் ஆழத்துல சோம்பிக் கிடக்கும். அப்பதான் ஜிக். தலையில ஈயம், பின்னால மெத்துனு ரப்பர் வால்.

தரை தட்டுற வரைக்கும் இறக்குங்க. ராடை வெட்டி ரெண்டு மூணடி தூக்கி, திரும்ப விழவிடுங்க. நூல் ரொம்பத் தொய்யக்கூடாது, ஏன்னா கடி பெரும்பாலும் விழும்போதுதான் வரும். நூல் நடுவழியில நின்னா யோசிக்காம சுண்டுங்க. 80 பவுண்ட் நூலும், முன்னால எஃகுக் கம்பியும் கட்டாயம். பல் அப்படி!

தண்ணி 80 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினா நான் போறதில்ல. சூட்டுத் தண்ணியில ஆக்சிஜன் கம்மி. போராடிக் களைச்ச மீன், விட்டப்புறமும் செத்துடலாம். இங்க பெரும்பாலான ஏரிகள்ல 54 அங்குலத்துக்குக் குறைஞ்சா விட்டே ஆகணும். நான் எந்த சைஸா இருந்தாலும் விட்டுடுவேன். அந்த அளவு வளர பத்துப் பதினைஞ்சு வருஷத்துக்கு மேலயே ஆகும் மக்கா. அதனால கொக்கியை வெட்டுற குறடு இல்லாம படகு ஏறாதீங்க.

டிஸ்கி: "வீட்டுக்கே வராத மீனுக்கு இவ்ளோ செலவா?"ன்னு தங்கமணி கேக்குறாங்க. பதில் தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்கப்பா!