ரோடா மவுசரும் பின்னுதைப்பும்

கொல்கத்தாவில் ஆய்வு மாணவனாய் வாழும் என்னை, 1914 ஆகஸ்டு 26 அன்று ரோடா நிறுவனத்தின் சரக்கிலிருந்து புரட்சியாளர் கவர்ந்த 50 மவுசர் கைத்துப்பாக்கிகள் நெடுநாளாய் ஈர்த்துவருகின்றன.

புதிய துப்பாக்கி வாங்குவோர் அதன் பின்னுதைப்பை எடை, பிடி, குழலின் உயரம் ஆகியவற்றால் கணிப்பர். கனத்த துப்பாக்கி மெல்லவே பின்வாங்கும். குழல் கைக்கு மேல் உயர்ந்திருந்தால் முனை துள்ளும். மவுசரில் இரண்டும் உண்டு: ஒரு கிலோவுக்கு மேற்பட்ட எடை, உயர்ந்த குழல். மர உறையைப் பிடியில் பொருத்தினால் அதுவே தோள்கட்டையாகும். உதைப்பைத் தோள் ஏற்கும்.

புரட்சியாளர்க்குத் தேர்வு இல்லை. கிடைத்த கருவிக்கே கையைப் பழக்க வேண்டியிருந்தது. 1915 செப்டம்பரில் பாலேசுவரம் அருகே பாகா ஜதீனும் நால்வரும் மவுசர் ஏந்திக் காவற்படையை எதிர்த்து நின்றனர். அவர்தம் துணிவைப் போற்றுவோர் அந்தக் கைப்பழக்கத்தையும் வரலாற்றில் சேர்த்தல் வேண்டும்.