கலண்டர்த் தாளில் ஓடிய கோச்சி

2023ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு நாள், எமது முன்பள்ளிப் பிள்ளைகள் பதினெட்டுப் பேரையும் கூட்டிக்கொண்டு கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கோச்சியில் போனோம். தாய்மார் சிலரும் கூட வந்தார்கள்.

போவதற்கு முதல் வாரம் வகுப்பில் படம் கீறினோம். பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் ஐம்பது மோட்டார் சைக்கிள்களை வரிசையாகக் கீறி, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு புகைச்சுருள் போட்டேன். அதற்குக் கீழே ஒரு பஸ். அதற்குள் ஐம்பது முகங்களையும் பிள்ளைகளே கீறினார்கள். பஸ்சின் புகை கொஞ்சம் பெரிதுதான். ஆனால் ஒன்றே ஒன்று. "எதிலே புகை கூட?" என்று கேட்டேன். எண்ணத் தெரியாத பிள்ளையும் மேல் படத்தைத் தொட்டது. அடுத்த தாளில் ஒரு கோச்சியைக் கீறிப் பச்சை நிறம் தீட்டினோம்.

பரந்தனைத் தாண்டி ஆனையிறவை நெருங்கியதும் இரண்டு பக்கமும் தண்ணீர். பிள்ளைகள் யன்னலை விட்டு அசையவில்லை. 1990 ஆனியோடு எங்கள் யாழ்தேவி நின்றுபோனதும், சிலிப்பர் கட்டைகளை அடுக்கிய பதுங்குகுழிகளுக்குள் நாம் உயிர் தப்பியதும் என் நினைவுக்கு வந்தன. 2013இல் கிளிநொச்சிக்கும் 2014 ஐப்பசியில் யாழ்ப்பாணத்துக்கும் கோச்சி திரும்பியது. இந்தப் பிள்ளைகளுக்கு அது வெறும் கோச்சிதான். அதுவும் நல்லதே.

அப்போது ஒரு சின்னவன் கேட்டான்: "டீச்சர், கோச்சியும் கறுப்பாப் புகை விடுதே! நாங்கள் கீறின படம் பொய்யோ?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "ஓமப்பு, இது டீசலில ஓடுற எஞ்சின். நான் புகையைக் கீறாமல் விட்டிட்டன், பிழைதான். ஆனால் இதுக்குள்ள இருக்கிற எல்லாரும் தனித்தனி வாகனத்தில வந்தால்?"

"றோட்டே தெரியாது டீச்சர்" என்றான்.

பக்கத்தில் இருந்த தாய் சிரிக்கவில்லை. கணவரை இழந்தவர். லீசிங்கில் எடுத்த மோட்டார் சைக்கிளுக்கு மாதாமாதம் காசு கட்டுபவர். 2022இல் பெற்றோல் வரிசையில் விடிய விடிய நின்றவர். "எங்கட ஒழுங்கைக்குப் பின்னேரம் பஸ் வந்தால் எனக்கேன் இந்தக் கடன்?" என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

மறுநாள் சின்னவன் பச்சைக் கோச்சிக்குக் கரியால் புகை கீறினான். பிள்ளைகள் இன்னொரு படமும் கீறினார்கள்: ஒழுங்கை முகப்பில் ஒரு பஸ், முன் இருக்கையில் வயிற்றுப்பிள்ளைத்தாய் ஒருவர், ஏறுவதற்குக் காத்திருக்கும் அம்மம்மா. அதைத் தாய்மார் எழுதிய மனுவோடு சேர்த்துப் பிரதேச சபைக்குக் கொடுத்தோம்.

சகோதரிகளே, பிள்ளைக்குப் படம் காட்டக் கலர்ப் புத்தகம் வேண்டியதில்லை. ஒரு தாளும் அடுப்புக்கரியும் போதும். ஆனால் உள்ளதை உள்ளபடி கீறிக் காட்டுங்கள். புகையை நாம் மறைத்தாலும் பிள்ளை அதை யன்னலால் பார்த்துவிடும்.